அம்பாசிடர் இன்ஜின் வேலையில் போர்ட் மேட்சிங்: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடல்) ரீபோருக்கு, அதாவது சிலிண்டரைக் கடைந்து சீராக்கப் போயிருக்கும். ஹெட் (அதன் மேல் மூடி, வால்வுகள் உள்ள பகுதி) தனியாகக் கிடக்கும். இந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் வந்து, “அப்படியே போர்ட் மேட்சிங்கும் பண்ணிடுங்க சார், வண்டி பறக்கும்” என்பார். பறக்காது. ஒற்றைக் கார்புரேட்டரோடு ஓடும் 1489 சிசி இன்ஜினில் இந்த வேலையால் கூடும் குதிரைத்திறன் உங்கள் காலுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஆனாலும் ஹெட் வெளியே இருக்கும்போதே செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நான்கு சிலிண்டருக்கும் தடங்கல் இல்லாமல் ஒரே மாதிரி காற்று போகும், ஐடிலிங் நிதானப்படும், மேனிஃபோல்ட் (ஹெட்டுக்குக் காற்றைக் கொண்டுவரும், புகையைக் கொண்டுபோகும் குழாய்கள்) ஓரத்தில் வரும் ‘ஃபுஸ்’ சத்தமும் ஒழியும்.

போர்ட் என்பது காற்றோ புகையோ போகும் துளை. மேனிஃபோல்டின் துளை, கேஸ்கெட்டின் (இடையில் வைக்கும் அடைப்புத் தகட்டின்) துளை, ஹெட்டின் துளை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்த வேண்டும். இவ்வளவுதான் போர்ட் மேட்சிங். துளையைப் பெரிதாக்குவது வேறு வேலை. இதைப் பட்டறையில் போய்ச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நீங்கள் அந்தப் பாடு படாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. இன்ஜினைத் தொடுமுன் காகிதங்கள்

ஆர்சியில் உள்ள இன்ஜின் எண்ணையும் பிளாக்கில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிளாக்கில் எண் நேரடியாக அடிக்கப்பட்டிருக்கலாம், அல்லது ரிவெட் வைத்த தகட்டில் இருக்கலாம். பிளாக்கை மணல் அடித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தால் அந்தத் தகடு காணாமல் போகும், அடித்த எண் மங்கும். எஃப்சிக்கு (தகுதிச் சோதனைக்கு) போகும்போது பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள், அதாவது எண்ணின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். எண் படியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் கழற்றும்போதே போட்டோ எடுத்து, பென்சில் பிரிண்டும் எடுத்து ஆர்சியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டையோ மேனிஃபோல்டையோ மாற்றினால் ஆர்சியில் எதுவும் மாறாது. பிளாக்கை மாற்றினால் இன்ஜின் எண் மாறும். அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பிளாக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டிவிட்டு, பிறகு பில்லைத் தேடி அலைபவர்கள் உண்டு. பில் தராத கடையில் பிளாக் வாங்காதீர்கள்.

பதிவு புதுப்பிக்க வேண்டிய தேதி நெருங்குகிறதா என்றும் பாருங்கள். படிவம் 25ஐ, காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம். 15 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தனி. காரை ஓட்டிக்கொண்டு போய்த்தான் காட்ட வேண்டும் என்பதால், இன்ஜின் வேலையை அந்தத் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடப் பாருங்கள்.

உங்கள் கார் 50 ஆண்டு கடந்ததா? 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். புதிய பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கார் அசல் வடிவில் இருக்க வேண்டும், அடிப்படை மாற்றங்கள் செய்திருக்கக் கூடாது. அந்த எண்ணம் இருந்தால் ட்வின் கார்புரேட்டர், வெளிநாட்டு மேனிஃபோல்ட் பக்கம் போகாமல், இருப்பதைச் சீராக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டேஜ் பதிவு வாங்கிய காரை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் ஹெட்டைப் படியுங்கள்

இது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பத்து இன்ஜின். வார்ப்பிரும்பு ஹெட். இன்லெட் (காற்று உள்ளே வரும் வழி), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி) இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். முன்பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்து வாய்கள்: முதல் சிலிண்டரின் எக்ஸாஸ்ட், 1–2க்குப் பொதுவான இன்லெட், 2–3க்குப் பொதுவான எக்ஸாஸ்ட், 3–4க்குப் பொதுவான இன்லெட், கடைசியாக நான்காவதின் எக்ஸாஸ்ட். ஒரே இன்லெட் வாயிலிருந்து இரண்டு சிலிண்டர் மூச்சு வாங்குவதால், ஒன்றின் பங்கை மற்றது கொஞ்சம் பறிக்கத்தான் செய்யும். அது வடிவமைப்பிலேயே உள்ள குறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பொது வாய்க்குள் இரு வால்வுகளுக்கும் நடுவே தெரியும் தடுப்புச் சுவரை வெட்டச் சொல்பவர்கள் இருப்பார்கள். முதல்முறை செய்பவர் அதைத் தொடவே வேண்டாம்.

புஷ் ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) துளைகளும் இதே பக்கத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்குகின்றன. இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஓட்டமும் பக்கத்திலேயே இருக்கிறது. போர்ட் சுவர் எங்கே எவ்வளவு தடிமன் என்று வெளியிலிருந்து தெரியாது. பழைய வார்ப்பில் உள்கரு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். எந்த இடத்திலும் 1 மி.மீ.க்கு மேல் எடுக்க நேர்ந்தால் நின்று யோசியுங்கள்.

எம்ஜிஏ 1500 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசி இன்ஜின் குடும்பம்தான். அதனால் அந்தக் காருக்காக எழுதப்பட்ட குறிப்புகள் நிறையக் கிடைக்கும். ஹெட்டைப் புரிந்துகொள்ள அவற்றைப் படிக்கலாம். ஆனால் அது இரட்டைக் கார்புரேட்டர் வண்டி. அதில் சொல்லும் போர்ட் அளவுகளை அப்படியே உங்கள் ஹெட்டில் வெட்டாதீர்கள்.

3. விரிசல் சோதனை, பிறகு ஃபேசிங் (முகத்தைச் சமமாகக் கடைதல்)

விரிசல் விட்ட ஹெட்டில் போர்ட் வேலை செய்வது வீண் செலவு. கார்பன், கிரீஸ், பழைய கேஸ்கெட் எல்லாம் போகும்படி கழுவி, டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்துப் பாருங்கள். மூன்று டப்பா கொண்ட செட், ஹார்டுவேர் கடைகளில் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பெரிய மெஷின் ஷாப்புகளில் பிரஷர் டெஸ்டும் செய்கிறார்கள். நீர் ஓட்டத்தில் உள்ள விரிசலுக்கு அதுதான் நம்பகமானது.

அடுத்தது மேனிஃபோல்ட் முகம். பல வருடம் சூடாகி ஆறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கோணியிருக்கும். நேர்ச்சட்டம் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். இந்த இன்ஜினில் ஒரே தடித்த வாஷர் இன்லெட் ஃபிளாஞ்சையும் (பூட்டும் விளிம்பையும்) எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சையும் சேர்த்து அழுத்தும் இடங்கள் இருக்கின்றன. இரண்டின் தடிமனும் ஒன்றாக இல்லாவிட்டால் வாஷர் சாய்ந்து உட்காரும். மெலிந்த பக்கம் காற்று இழுக்கும். பத்து கேஸ்கெட் மாற்றினாலும் நிற்காது.

எனவே லேத் பட்டறையில் கொடுக்கும்போது, “இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே செட்டிங்கில் முகம் எடுங்கள். வாஷர் உட்காரும் இடத்தில் தடிமன் சமமாக இருக்க வேண்டும்” என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது. சீட்டை வாங்குபவர் ஒருவர், மெஷினில் நிற்பவர் வேறொருவர். போர்ட் வேலைக்கு முன்பே ஃபேசிங் முடிந்துவிட வேண்டும்.

4. கருவிகள், செலவு

மின்சார டை கிரைண்டர் 2,000 ரூபாயிலிருந்து கிடைக்கும். நல்ல கம்பெனியுடையது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. வேகத்தைக் குறைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு ஹெட்டுக்காக வாங்குவதைவிட, டை மேக்கிங் பட்டறைகளில் வாடகைக்கு அல்லது நட்புக்குக் கேட்டுப் பார்ப்பது நல்லது. கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபம்.

கார்பைடு பர் (கிரைண்டரில் சுழன்று தேய்க்கும் பல் வைத்த முனை) இரண்டு போதும், ஒன்று முட்டை வடிவம், ஒன்று உருளை. 6 மி.மீ. தண்டு. ஒன்று சில நூறு ரூபாய். வார்ப்பிரும்புக்கு இரட்டை வெட்டு பர், உலர்வாகவே ஓட்டலாம். இன்லெட் மேனிஃபோல்டில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம். அதற்கு அகலப் பல் கொண்ட தனி பர் வேண்டும், இல்லாவிட்டால் நொடியில் பல் அடைத்துக்கொள்ளும். நடுநடுவே மெழுகுவர்த்தியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டால் ஒட்டாது.

இவை தவிர 80, 120 எமரி, ஃபிளாப் வீல், மார்க்கிங் ப்ளூ, ஸ்கிரைபர், வெர்னியர், இரண்டு மேனிஃபோல்ட் கேஸ்கெட். ஒரு கேஸ்கெட் அளவெடுக்க, ஒன்று கடைசியில் மாட்ட. இரண்டையும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்குங்கள், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி துளை மாறுகிறது. கண்ணாடி, என்95 முகமூடி கட்டாயம். துணிக் கையுறை போடாதீர்கள், சுழலும் பர் அதைச் சுற்றிக்கொண்டு விரலையும் இழுத்துவிடும். நீளத் தண்டு பர்ரை முழு வேகத்தில் சும்மா சுழலவிட்டால் தண்டு வளைந்து பறக்கும். துளைக்குள் வைத்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள்.

5. இடம் மாறாமல் பூட்டுதல்

மொத்த வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

மேனிஃபோல்டின் ஸ்டட் துளைகள் ஸ்டட்டைவிட (ஹெட்டில் பதிந்து நிற்கும் மரையுள்ள கம்பியைவிட) பெரியவை. கையால் தள்ளிப் பாருங்கள், மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடும். இன்று ஒரு நிலையில் வைத்து அளவெடுத்து அழகாகத் தேய்த்துவிட்டு, நாளை மாட்டும்போது 1 மி.மீ. கீழே இறங்கி உட்கார்ந்தால் செய்ததெல்லாம் வீண்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரு ஓர ஸ்டட்களுக்கு லேத்தில் மெல்லிய ஸ்லீவ் கடைந்து போட்டு ஆட்டத்தை எடுப்பது. ஒரு துளையில் ஸ்லீவ் இறுக்கமாகவும், இன்னொன்றில் நீளவாக்கில் சற்று இடம் விட்டும் இருக்கட்டும். சூட்டில் மேனிஃபோல்ட் நீளும், இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்தால் எங்காவது வெடிக்கும். மற்றொன்று, சரியான நிலையில் இறுக்கிவிட்டு 3 மி.மீ. டவல் பின் (இடம் மாறாமல் பிடிக்கும் ஆணி) போடுவது. பின் துளை ஹெட்டுக்குள் எங்கே இறங்குகிறது என்று உறுதியாகத் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள், பக்கத்தில் நீர் ஓட்டம் இருக்கலாம். முதல்முறை என்றால் ஸ்லீவ்தான்.

உங்கள் மாடலில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் நடுவில் ஹாட் ஸ்பாட்டில் (எக்ஸாஸ்டின் சூடு இன்லெட்டுக்கு ஏறும் இடத்தில்) போல்ட் போட்டு இணைந்திருந்தால், ஹெட்டில் வைக்கும்போது அந்தப் போல்ட்களைத் தளர்த்தி வைத்து, இரு முகமும் ஹெட்டில் படிந்த பிறகு இறுக்குங்கள். அளவெடுக்கும்போதும் இதே முறை, கடைசியில் மாட்டும்போதும் இதே முறை.

6. அச்சு எடுத்து ஒப்பிடுதல்

கெட்டியான வரைபடத்தாள் ஒன்றில் ஸ்டட் துளைகளை வெட்டி, ஹெட் முகத்தில் மாட்டுங்கள். கிரீஸ் தொட்ட விரலால் தாளை அழுத்தித் தடவினால் போர்ட் ஓரங்கள் அச்சாக விழும். இன்னொரு தாளில் மேனிஃபோல்டுக்கும் அப்படியே, ஸ்லீவ் போட்ட நிலையில். இரண்டு தாளையும் ஸ்டட் துளைகள் பொருந்தும்படி ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். எந்த வாய் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கேஸ்கெட்டையும் மேலே வையுங்கள்.

பெரும்பாலும் கேஸ்கெட் துளை, போர்ட்டைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்கும். பெரிய பொறி இங்கேதான். பல பட்டறைகளில் கேஸ்கெட்டை ஹெட்டில் ஒட்டி, அதன் ஓரத்தில் கோடு போட்டு, அந்தக் கோடுவரை தேய்த்துவிடுவார்கள். ஒருமுறை அப்படித் தேய்த்து வந்த ஹெட்டைப் பார்த்தேன். வாயில் அகன்று, உள்ளே சட்டென்று சுருங்கி, பானைக் கழுத்து மாதிரி இருந்தது. காற்று அந்த அகலத்தில் வேகம் இழந்து, பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்துவிடும். கேஸ்கெட் துளை போர்ட்டைவிடச் சுற்றிலும் 1 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். கேஸ்கெட் போர்ட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மட்டும், போர்ட்டை விட்டுவிட்டு கேஸ்கெட்டை வெட்டுங்கள்.

எந்தப் பக்கம் தேய்ப்பது? காற்று போகும் திசையைப் பாருங்கள். அடுத்து வரும் துளை சற்றுப் பெரிதாக இருக்கலாம், ஒருபோதும் சிறிதாக இருக்கக் கூடாது. இன்லெட்டில் காற்று மேனிஃபோல்டிலிருந்து ஹெட்டுக்கு வருகிறது, ஆகவே ஹெட் துளை சமம் அல்லது அரை மி.மீ. பெரிது. எக்ஸாஸ்டில் ஹெட்டிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகிறது, ஆகவே மேனிஃபோல்ட் துளை பெரிது. எக்ஸாஸ்டில் இந்தச் சின்னப் படி நல்லதும்கூட, திரும்பி வரும் புகையை அது தடுக்கும். ஹெட்டின் எக்ஸாஸ்ட் வாய் ஏற்கெனவே மேனிஃபோல்டைவிடச் சிறிதாக, நடுவில் இருந்தால் அங்கே உங்களுக்கு வேலையே இல்லை.

7. தேய்த்தல்

வால்வு சீட் (வால்வு படிந்து மூடும் விளிம்பு) வெட்டுவதற்கு முன்பே போர்ட் வேலையை முடியுங்கள். தூக்கி எறியவிருக்கும் பழைய வால்வுகளைச் சீட்டில் உட்காரவைத்தால் பர் வழுக்கினாலும் சீட் தப்பும். கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) துளைகளில் துணி அடையுங்கள். பிளாக், கிராங்க் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும், இரும்புத் தூள் காற்றில் எங்கும் போகும்.

முகத்தில் மார்க்கிங் ப்ளூ பூசி, தாளிலிருந்து கோட்டை ஸ்கிரைபரால் கீறுங்கள். கோட்டுக்கு உள்ளே மட்டும் தேய்க்க வேண்டும். கோடு கடைசிவரை கண்ணில் தெரிய வேண்டும். பர்ரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாக நகர்த்துங்கள். வாயிலிருந்து 10 முதல் 15 மி.மீ. ஆழம்வரை போய், பழைய சுவரோடு வழுவழுவென்று கலந்துவிட வேண்டும். அதற்கும் உள்ளே போக வேண்டாம்.

எக்ஸாஸ்டை 120 எமரியில் மழமழப்பாக்கலாம், கார்பன் படிவது குறையும். இன்லெட்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடாதீர்கள். 80 எமரி விட்ட சொரசொரப்புதான் அதற்குச் சரி, சுவரில் ஒட்டும் பெட்ரோலை அது கிளப்பிவிடும். மேனிஃபோல்டின் உள்ளே கை எட்டாத வளைவுகளை விட்டுவிடலாம்.

ஐந்து வாய்க்கும் மேனிஃபோல்டுக்கும் சேர்த்து, பொறுமையாகச் செய்தால் ஒரு சனி, ஞாயிறு பிடிக்கும். ஆட்டோ பார்ட்ஸ் கடைக்கும் லேத்துக்கும் நடக்கும் நேரம் இதில் சேராது. முகம் எடுக்கக் கொடுத்தது ‘நாளைக்கு வாங்க’ என்று வாரக்கணக்கில் இழுக்கும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

8. சரிபார்த்தல், கழுவுதல்

ஹெட்டில் மேனிஃபோல்டை கேஸ்கெட்டோடு மாட்டி, வால்வு துவாரம் வழியே போனில் செருகும் சின்ன எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பாருங்கள். படி எதிரே நின்றால் வெளிச்சத்தில் நிழல் விழும். கேமராவில் சரியாகத் தெரியாத இடத்தில், விரல் எட்டினால், நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

திருப்தி என்றால் சீட், கைடு, வால்வு வேலைக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் எல்லாத் துளைகளையும் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுக் கழுவி, கம்ப்ரஸர் காற்று அடித்து, உடனே எண்ணெய் தடவுங்கள். வார்ப்பிரும்பு ஒரு மணி நேரத்தில் துரு பிடிக்கும். எண்ணெய் ஓட்டத்தில் ஒரு சிட்டிகைத் தூள் தங்கினாலும் புது பேரிங்குக்கு அது போதும்.

9. மாட்டிய பிறகு

மேனிஃபோல்ட் நட்களை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட் போட்டால் அடுத்த முறை ஸ்டட் உடையாமல் கழலும். முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் முழுக்க ஆறியதும் மறுபடி ஒரு இறுக்கு.

காற்று இழுக்கிறதா என்று பார்க்க, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே, இன்லெட் ஃபிளாஞ்ச் ஓரத்தில் மட்டும் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரைத் தூவுங்கள். ஐடிலிங் மாறினால் அங்கே கசிகிறது. சூடான எக்ஸாஸ்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பு வெடிக்கும், எனவே ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கார்ப் கிளீனரை அடித்துச் சோதிக்கச் சொல்வார்கள். எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும் இந்த இன்ஜினில் அது தீ வைப்பதற்குச் சமம்.

கொஞ்சம் ஓடிய பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். 1–2 ஒரு நிறம், 3–4 வேறு நிறம் என்றால் ஏதோ ஒரு இன்லெட் வாயில் கசிவு அல்லது படி மிச்சம் இருக்கிறது. நான்கும் வெளுத்திருந்தால் கலவை மெலிந்துவிட்டது, கார்புரேட்டரைச் சரி செய்ய வேண்டும். இந்த வயதுக் காருக்குப் புகைச் சோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் என்பது வரம்பு. ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறி நின்றால் கார்புரேட்டரைத் திருகுமுன் மேனிஃபோல்ட் நட்களைப் பாருங்கள்.

ஜன்னலில் ஒட்டிய அந்த இரண்டு தாள்களில் காரின் எண்ணை எழுதி, ஸ்லீவ் எந்த ஸ்டட்டில் போட்டிருக்கிறது என்றும் குறித்து, பில்களோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை கேஸ்கெட் மாற்றும்போது புதுக் கேஸ்கெட்டை அந்தத் தாளின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.